சிஸ் சேர்த்த வரிகள்

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தியும் கேட்டதில்லை. யாராவது மனம் நோகும்படி ஏதாவது சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார், "சரி" என்பார். அந்தச் "சரி"க்கு அப்புறம் இரண்டு நாளில் போர்டில் ஒரு வரி கூடியிருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டவருக்குத்தான் அது எதற்கென்று தெரியும்.

போர்டு என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர், எண்பதுகளின் பின்பாதி. புக்கிட் மேராவில் அவர் வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதோடு ஒரு மோடம், அதோடு வீட்டுத் தொலைபேசி. நாம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால், கீச்சுக் கீச்சென்று கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் திரையில் எழுத்து வரும். பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். உள்ளே போனால் யார் யாரோ எழுதிவைத்த செய்திகள், சண்டைகள், மீன் குழம்புப் பக்குவம், நமக்கென்று தனியாக வந்த கடிதங்கள். படித்துப் பதில் போட்டுவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் உள்ளே இருக்கலாம். அவருடைய அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னார், "வீட்டுல போன் இருக்குன்னு பேரு. வர்ற போன் எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான். எனக்கு யாரு பண்ணுவா?"

போர்டை நடத்துபவரை ஆங்கிலத்தில் சிஸாப் என்பார்கள். நாங்கள் சுருக்கி சிஸ் என்றோம், சிஸ்டர் என்பதுபோல. அவரும் மாதா கோயில் வழக்கப்படி ஆண்களையெல்லாம் பிரதர் என்பார், அதனால் பொருந்திப்போனது. எனக்கும் அவருக்கும் ஒரே வயது, முப்பதைத் தாண்டிய நேரம். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் எங்கேயாவது ஒரு வரி சேர்ப்பார்.

அந்த போர்டை ஓட்டிய புரோகிராம் கடையில் வாங்கியது கிடையாது. எவனோ ஓர் அமெரிக்கன் எழுதி, உள்ளே இருக்கும் எழுத்து அத்தனையோடும் டிஸ்கெட்டில் போட்டு ஊருக்குக் கொடுத்துவிட்டான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தலைப்பில் இருக்கும் பெயர்களை மட்டும் அழிக்கக் கூடாது. மாற்றியவர் தன் பெயரை அடியில் சேர்க்க வேண்டும். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த ஒரு மலையாளி மூலம் அது சிஸ் கைக்கு வந்தது. அவர் அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதவில்லை. ஒரு வரி, ஒரு வரியாகத் திருத்தினார். வருஷக்கணக்கில் திருத்தினார்.

அந்த மாதிரி புரோகிராமில் வளைந்த அடைப்புக்குறி போட்டு எதையாவது எழுதினால் இயந்திரம் அதைப் படிக்காது. மனிதர் மட்டும் படிக்கலாம். மற்றவர்கள் அங்கே "இது கூட்டல் கணக்கு" என்பதுபோல எழுதுவார்கள். சிஸ் அங்கேதான் ஞாபகம் வைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்தில் தமிழ். இந்த வரி ஏன் வந்தது, யாரால் வந்தது, அவன் என்ன சொன்னான். ஆள் பெயரோடு.

ஒருத்தர் எதை எழுதினாலும் பெரிய எழுத்தில்தான் எழுதுவார், கத்துகிற மாதிரி. சிஸ் பணிவாகக் கேட்டுக்கொண்டார். "என் கீபோர்டு, என் விரலு" என்று அவர் பதில் போட்டார். அதிலிருந்து அவர் எழுதுவது எல்லாம் சின்ன எழுத்தாகவே திரையில் வந்தது. கீபோர்டைக் கழற்றித் துடைத்தார், புதிதாக ஒன்று வாங்கினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருத்தர் தனிக்கடிதத்தில் "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று நாலைந்து தடவை கேட்டார். அப்புறம் அவர் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் போர்டு முதலில் அவரிடம் கேட்டது: கல்யாணம் ஆகிவிட்டதா? ஆம் என்று போட்டால், மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டது. அதற்கு என்ன பதில் போட்டாலும் திரும்ப முதல் கேள்விக்கே வந்தது. மூன்று வாரம் கழித்து மன்னிப்புக் கடிதம் எழுதினார். சிஸ் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார், ஆனால் அடைப்புக்குறிக்குள் இருந்ததை அப்படியே விட்டுவைத்தார்.

"மன்னிச்சிட்டீங்கதானே சிஸ், அதையும் அழிச்சிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"மன்னிக்கிறது ஃபாதர் வேலை லா பிரதர். நான் புரோகிராம் பாக்குறவ."

அவர் வேலை செய்த இடம் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனி. அங்கே ஆட்களுக்கு ஷிப்ட் பிரித்துப் போடும் புரோகிராமை எட்டு வருஷமாக அவர் ஒருத்தரே பார்த்து வந்தாராம். யாரோ ஒரு ஆலோசகர் வந்து, "இது பழசு, தூக்கிப் போடுங்க" என்று ஒரே நாளில் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தாராம். அந்த ஆளுடைய விசிட்டிங் கார்டை சிஸ் தன் வீட்டு கம்ப்யூட்டர் திரையின் மேல்மூலையில் ஒட்டி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "முகம் மறந்துபோச்சு. பேராவது இருக்கட்டும்" என்றார். சிரிக்கவில்லை.

இனி என் கதை.

நான் படித்தவன் இல்லை. ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் கிளார்க். ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் பழைய கம்ப்யூட்டரை வாங்கி, புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே கற்றுக்கொண்டவன். முதன்முதலாக போர்டுக்கு அழைத்த அன்று, திரையில் "உங்கள் பெயர்?" என்று ஆங்கிலத்தில் வந்தது. அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையாக இருக்கட்டுமே என்று, "குட் ஆஃப்டர்நூன், மை நேம் இஸ்" என்று தொடங்கி முழு வாக்கியமாக அடித்தேன். அதிலிருந்து நான் எப்போது அழைத்தாலும் போர்டு, "வருக, குட் ஆஃப்டர்நூன் மை நேம் இஸ்" என்று என்னை வரவேற்றது. போர்டு உறுப்பினர்கள் நேரில் கூடும் கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிஸ் பெயரைச் சரிசெய்து கொடுத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, செராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் என் கூட்டாளி குணாவும் உட்கார்ந்திருந்தோம். குணாவும் போர்டு உறுப்பினன்தான், என்னோடு பள்ளியில் படித்தவன். மலேசியப் பக்கம் ஜொகூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவரும் அங்கே ஒரு போர்டு நடத்துகிறவர். அவர் வைத்திருப்பது சிஸ்ஸின் புரோகிராம், டிஸ்கெட்டில் வாங்கிப்போனது. குணா என்னை அறிமுகப்படுத்தினான். அந்த மனிதர் கையில் இருந்த வடையை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அடடே! அந்த குட் ஆஃப்டர்நூன் நீங்கதானா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சந்தோஷமாக விளக்கினார். புரோகிராமின் நடுவில், பெயரை வாங்கும் இடத்தில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறதாம்: இயந்திரத்துக்கு வணக்கம் சொன்ன புத்திசாலிக்காக இந்த வரி. கீழே என் முழுப்பெயர். "பினாங்குல என் கூட்டாளி ஒருத்தர் வச்சிருக்கார், அவரும் உங்களப் பத்திக் கேட்டாரு. ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்கு சார் உங்க பேரு!"

குணா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் சிஸ்ஸைத் தொலைபேசியில் பிடித்தேன். அதை எடுத்துவிடும்படி கேட்டேன்.

"பொய்யா எழுதியிருக்கேன் பிரதர்?"

"பொய் இல்ல சிஸ். ஆனா..."

"உங்களால அங்க ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுது. நன்றியோட எழுதி வச்சிருக்கேன்."

அன்றைக்கு முடிவு செய்தேன். இவருடைய வரி ஒன்றுகூட இல்லாமல், அமெரிக்கனுடைய வரியும் இல்லாமல், முதல் எழுத்திலிருந்து நானே ஒரு போர்டு எழுதுவேன். அவர் எழுதியதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். கிளப்பில் எல்லோரையும் அதற்கு மாற்றுவேன். பெயர்ப் பட்டியலில் அவர் இருக்க மாட்டார். அவர் பழிவாங்க ஒரு வரி போதும். எனக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது.

எட்டு மாதம். வேலைக்குப் போகுமுன் விடியலில், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து மத்தியானத்தில், கிளமெண்டி வீட்டில் என் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து எழுதினேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொல்வாள், "யார் மேல கோபமோ தெரியல, அந்தக் கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு? மெதுவாத் தட்டுங்க." ஒவ்வொரு பகுதி ஓடும்போதும் சிஸ்ஸின் முகத்தை நினைத்துக்கொள்வேன். கோபம் நல்ல வாத்தியார். அந்த எட்டு மாதத்தில் கற்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் கற்றதில்லை.

எழுதி முடித்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. பக்கத்துக்கு ஒரு வண்ணம். எண்ணை அழுத்தினால் பட்டென்று திறக்கும். சிஸ்ஸின் போர்டில் கடிதப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒரு தே-ஓ, பாலில்லாத டீ, கலக்கிக்கொண்டு வரலாம், அவ்வளவு மெதுவு.

புக்கிட் மேரா சமூக மன்றத்தில் கிளப் கூடியது. வழக்கமான சனிக்கிழமைப் பிற்பகல். இருபது பேர்போல இருந்தோம். தமிழர்கள் பாதி, சீனர்கள், இரண்டு மலாய்க்காரர்கள். என் கம்ப்யூட்டரை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஓட்டிக் காட்டினேன். வண்ணம் வந்ததும் "வா!" என்று ஒரு குரல். குணா எனக்காகக் கை தட்டினான். இனி இந்த போர்டையே வைத்துக்கொள்ளலாம், அது கிளமெண்டியில் என் வீட்டில் ஓடும் என்று எழுந்து சொன்னான். அப்படி முடிவானால் சிஸ்ஸின் போர்டு அன்றோடு நின்றுவிடும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் பின்வரிசையில் கறிபஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது அவர் பழக்கம்.

"ஓடுறதைத் திருத்தலாமே பிரதர். எதுக்குப் புதுசா?"

"பழசுல எத்தனை ஒட்டு சிஸ்! பிச்சைக்காரன் சட்டை மாதிரி இருக்கு."

"ஒவ்வொரு ஒட்டுக்கும் கீழ ஒரு ஓட்டை இருந்துச்சு. எங்க எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இது புதுத் துணி. இதுல ஓட்டையே கிடையாது."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எட்டு மாதமாக எதிர்பார்த்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேரு எல்லாம் சரியா எடுக்குமா?"

"யார் பேரா இருந்தாலும் எடுக்கும் சிஸ்."

"சரி" என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் தூக்கினார்கள். அவரும் தூக்கினார். என் புரோகிராமுக்கு ஆதரவாக. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

உறுப்பினர் பட்டியலையும் பழைய கடிதங்களையும் சிஸ் டிஸ்கெட்டில் அன்றே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். பெயர்கள் நடுவே ஒரு குறி, புழு நெளிகிற மாதிரி ஒரு சின்ன அலைக்கோடு, தமிழர்கள் பெயர் பலவற்றில் இருந்தது. குணாவின் பெயர் குணசேகரன், அப்புறம் எஸ், அப்புறம் அந்தப் புழு, அப்புறம் ஓ, அப்புறம் முத்தையா. என்ன அலங்கோலம் இது என்று நினைத்தேன். நம் ஊர் அடையாளக் கார்டில் முத்தையாவின் மகன் என்பதை எஸ் ஸ்லாஷ் ஓ முத்தையா என்றுதானே போடுவார்கள்? பெண் என்றால் டி ஸ்லாஷ் ஓ. ஒரே கட்டளையில் புழுக்களையெல்லாம் சாய்வுக்கோடாக மாற்றினேன். சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை போர்டைத் திறந்துவிட்டேன்.

முதல் அழைப்பு குணாவிடமிருந்து. "என்னடா, என்னையே யாருன்னு கேக்குது? அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

சாயங்காலத்துக்குள் ஆறேழு பேர். எல்லோரும் தமிழர்கள். சீனக் கூட்டாளிகளைக் கேட்டேன், "எங்களுக்கு ஓகே லா" என்றார்கள். மலாய்க்காரர்களுக்கும் ஓகே. என் பெயருக்கும் ஒன்றுமில்லை. என் பிறப்புப் பத்திரத்தை எழுதியவர் எந்த யோசனையிலோ அப்பா பெயரை வெறும் முதலெழுத்தாகப் போட்டுவிட்டார், எனக்கு ஸ்லாஷ் கிடையாது. எட்டு மாதமும் என் பெயரை வைத்துத்தான் சோதித்திருந்தேன். தமிழன் எழுதிய போர்டு தமிழனை மட்டும் உள்ளே விடவில்லை. மூன்று நாள் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. போர்டை மூடிவிட்டுத் தேடியிருக்கலாம். சிஸ்ஸுக்குத் தெரிந்துவிடுமே என்று மூடவில்லை.

வியாழக்கிழமை குணா என் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து நின்றான். மேலே வரச் சொன்னேன், வரவில்லை.

"என் சூப்பர்வைசர் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்கு எழுதினேன்?"

"புளிச்ச தயிர் மாதிரின்னு எழுதினே. ஏன்?"

"அதை அந்தாளு இன்னிக்கு எனக்கே வாசிச்சுக் காட்டினான்."

குணா பாசிர் பாஞ்சாங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். அவனுடைய சூப்பர்வைசரும் எங்கள் போர்டில் உறுப்பினர். அவரும் எஸ் ஸ்லாஷ் ஓ தான், அவராலும் உள்ளே போக முடியவில்லை. நோண்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே போகாமலே பார்க்கக்கூடிய பட்டியலில் தன் பெயர் எஸ் என்ற எழுத்தோடு வெட்டுப்பட்டு நிற்பதைக் கண்டு, அதையே பெயராக அடித்திருக்கிறார். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் மிச்சம் இருந்ததை, ஓ போட்டு அப்பா பெயரை, அடித்திருக்கிறார். திறந்துகொண்டது. அப்புறம் குணாவின் பெயருக்கும் அதையே செய்து பார்த்திருக்கிறார். கிடங்கில் வேலை செய்பவன் அப்பா பெயர் சூப்பர்வைசருக்குத் தெரியாதா? குணா எனக்கு எழுதியிருந்த கடிதங்களின் பிரதிகள் அவன் பெட்டியில் இருந்தன, அத்தனையும் படித்துவிட்டார். தயிர் மட்டும் என்றால் போகட்டும். ஜூரோங்கில் ஒரு கம்பெனி தன்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது, இங்கே யாருக்கும் இன்னும் தெரியாது என்றும் குணா எழுதியிருந்தான். கம்பெனி பெயரோடு. சூப்பர்வைசர் அங்கே போன் செய்து என்ன சொன்னாரோ, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"தனிக் கடிதம்னு சொன்னியேடா. என் அப்பன் பேரைச் சொன்னா எவன் வேணாலும் படிக்கலாம்னா அது என்னடா தனி?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாத" என்றுவிட்டுப் போனான்.

மேலே போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரே வரியில் எழுதி, நடுவில் பிரிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்த குறி சாய்வுக்கோடு. பெயருக்குள் கோடு போட்டுக்கொள்கிறவன் உலகத்தில் எவன் இருப்பான் என்று நினைத்து வைத்தது. குணாவின் பெயர் எஸ்ஸோடு முடிந்து, மிச்சம் பாஸ்வேர்டு ஆகிவிட்டது. அந்தப் புழுதான் அதுவரை அவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. போர்டை அணைத்தேன்.

எட்டு மாதமாகத் தொடாமல் வைத்திருந்த சிஸ்ஸின் புரோகிராம் டிஸ்கெட்டை அன்றுதான் திறந்தேன். அவர் சேர்த்த முதல் வரியே பெயரில் உள்ள ஸ்லாஷைப் புழுவாக்குவதுதான். அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்: என் அப்பா பெயரை பாஸ்வேர்டு என்று நினைத்துக்கொண்ட அமெரிக்கனுக்காக. அந்த அமெரிக்கனும் சாய்வுக்கோட்டைத்தான் வைத்திருந்திருக்கிறான். தன் போர்டுக்குள்ளேயே தன்னால் நுழைய முடியாமல் சிஸ் முதல் நாள் நின்றிருக்கிறார். அவன் வரி ஒன்றும் வேண்டாம் என்று தொடங்கிய நான் அவன் தப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புக்கிட் மேராவுக்குப் போனேன். அவரும் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்துவிட்டு, "தெரியும், வருவீங்கன்னு" என்றார்.

"பேரு எடுக்குமான்னு கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு. கேட்டேன். எல்லாம் எடுக்கும்னீங்க."

"ஒரு வார்த்தை, ஸ்லாஷ்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே சிஸ்!"

"எழுதித்தானே வச்சிருக்கேன், முதல் வரியிலேயே. ஊருல எல்லாரும் படிச்சிருக்காங்க. நீங்க படிக்கலைன்னா அதுக்கு நானா?" குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்க முயலவில்லை. "நல்லா இருக்கட்டும் பிரதர் உங்க புதுத் துணி."

"குணாவுக்கு ஜூரோங் வேலை போச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அதைக் கையிலேயே வைத்திருந்தார், துடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"உங்க மூக்கு உடையும்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "அதுவரைக்கும்தான் நெனச்சேன். அடுத்தவங்க கடுதாசி திறக்கும்னு நெனைக்கல."

"இப்ப என்ன செய்யிறது?"

"உங்க டிஸ்கெட்டைக் குடுங்க."

தூக்கி எறிவார், பழையதையே திரும்ப ஓட்டுவார் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு மூலையில் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்கூட. எட்டு மாத உழைப்பை எறிந்தார் என்று காலமெல்லாம் சொல்லித் திரியலாமே. அவர் டிஸ்கெட்டைப் போட்டுப் படித்தார். அரைமணி நேரம் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இதையே வச்சுக்கலாம்."

"உங்க பழசு?"

"அது கிடக்கட்டும். எதுக்கு இதைத் தூக்கிப் போடணும்? ஓடுதே. சின்னச் சின்ன வேலைதான் பாக்கி."

அந்த வாரமே என் புரோகிராம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது, புழுவோடு. புளிச்ச தயிருக்கும் ஒரு வரி சேர்த்தார். அந்த சூப்பர்வைசர் அழைத்தபோதெல்லாம், அவர் அடுத்தவர் பெட்டியிலிருந்து படித்த கடிதத்தின் அந்த வாக்கியம்தான் அவரை வரவேற்றது. இரண்டு நாளில் அவர் உறுப்பினர் பட்டியலிலிருந்து தானாகவே கழன்றுகொண்டார். குணாவிடம் சிஸ் நேரில் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. குணாவைத் தேடிப் போய், சிஸ்ஸுக்கு முன்பே தெரியும், தெரிந்தே சும்மா இருந்தார் என்று சொன்னேன். அவன் பார்த்தான்.

"அவங்களே சொல்லிட்டாங்க. என்கிட்ட அழுதாங்க. அவங்க பூட்டி வச்சிருந்தாங்கடா. அந்தப் பூட்டைக் கழட்டி எறிஞ்சது நீ."

அதோடு அவன் என்னோடு பேசுவது நின்றது. தீபாவளிக்கு நான் வாழ்த்து அட்டை அனுப்பினேன், பதில் இல்லை.

இதற்கிடையே சிஸ் என் புரோகிராமில் வேலை செய்துகொண்டே இருந்தார். இன்றைக்கு ஒரு வரி, அடுத்த வாரம் இரண்டு. ஒவ்வொன்றையும் என்னிடம் சொல்லிவிட்டே செய்தார். "பிரதர், கடிதத்துல தேதி தப்பா வருது, ஒரு வரி மாத்துறேன்." எப்படி வேண்டாம் என்பது? ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. ஒரு வருஷம் கழித்து ஒரு பிரதி வாங்கி, ஆபீஸில் தாளில் அச்செடுத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன், என் வரிகளை அடிக்கோடிட. பேனா மூடியைத் திறந்தபடியே கடைசிப் பக்கம் வரை போனேன். மை காய்ந்ததுதான் மிச்சம். வண்ணங்கள்கூட மாறியிருந்தன. நான் எட்டு மாதத்தில் ஒரேயடியாகச் செய்ய நினைத்ததை அவர் எனக்கு ஒவ்வொரு வரியாகச் செய்து முடித்திருந்தார்.

என் பெயர் மட்டும் அப்படியே இருந்தது, தலைப்பில், தனியாக. முதல் திரையிலும் இருந்தது. ஆக்கியவர் இன்னார், குறைகள் இருந்தால் இந்த எண்ணில் அழைக்கவும் என்று என் வீட்டுத் தொலைபேசி எண்ணோடு. சில மாதமாகவே யார் யாரோ அழைத்து என் மனைவியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். எழுத்து மங்கலாக இருக்கிறது, கடிதம் போய்ச் சேரவில்லை, மெதுவாக இருக்கிறது. எல்லாம் அவர் எழுதிய வரிகளின் குறைகள்.

போன் செய்தேன். "என் பேரை எடுத்துடுங்க சிஸ்."

"பேரை அழிக்கக் கூடாது பிரதர். அது விதி."

"போன் நம்பர் விதியில இல்லையே?"

"அது நான் சேர்த்த வரி."

வைத்துவிட்டேன். அதற்கப்புறம் கேட்கவும் இல்லை. போர்டில் நான் இருந்த இடம் அது ஒன்றுதான். யாராவது அழைத்து "நீங்கதான் எழுதினீங்களா?" என்று கேட்டால், "நான்தான்" என்பேன். குறையைக் குறித்துக்கொண்டு சிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டுவேன், ஒன்று விடாமல், நிறுத்தி நிறுத்தி. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்கும். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம்" என்றது ஒரு குரல், ரொம்ப விறைப்பாக. "புரோகிராம் எழுதினவர் இருக்காருங்களா?"

குணா. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "சொல்லுங்க, என்ன குறை?"



"நிறைய இருக்கு. எழுதிக்கிறீங்களா?"

"எழுதிக்கிறேன்."

பேனாவை எடுத்தேன். அரைமணி நேரம் சொன்னான். பள்ளிக்கூட நாளில் தொடங்கினான். நான் அவன் சைக்கிளை வாங்கிப் போய் வளைத்துக் கொண்டு வந்தது, அவன் தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தது, ஜொகூர்க்காரர் முன்னால் அவன் சிரித்ததற்காக ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கிளமெண்டி கீழ்த்தளம் கடைசியில்தான் வந்தது. புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எண் போட்டு எழுதிக்கொண்டே போனேன், நடுவில் அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.